அரசாங்கம் ஒரு கையால்தான் கொடுக்கும்

அந்த விளம்பரப் புத்தகத்தின் அட்டையில் ஒரு பெண் மருத்துவர் நின்றார். பச்சைச் சீருடை, கழுத்தில் ஸ்டெதஸ்கோப், பின்னால் ஒரு ஹெலிகொப்டரின் பாதி. என் பெறாமகள், அக்காவின் மகள், அதைக் கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் காந்தத்தால் ஒட்டினாள். மறுநாள் காலை நான் பால் எடுக்கப் போனபோது அந்த மருத்துவர் அங்கே இல்லை. அட்டையின் பின்பக்கம்தான் தெரிந்தது: வெறும் வெள்ளை, அடியில் ஒரு முகவரி. அக்கா படத்தைத் திருப்பி ஒட்டியிருந்தார். கிழிக்கவில்லை, குப்பையில் போடவுமில்லை. திருப்பி மட்டும் விட்டிருந்தார்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சனில், டிராம் போகும் தெருவொன்றில், மூன்றாம் மாடியில் நாங்கள் நால்வர் இருந்தோம். அக்கா, அத்தான், அவர்களுடைய ஒரே மகள், நான். அத்தானுக்கு ஓர் இத்தாலிய உணவகத்தின் சமையலறையில் வேலை. அக்கா முதியோர் இல்லமொன்றில் துப்புரவு செய்தார். நான் பேக்கரியில் ரொட்டி விற்றேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் சில வருடங்கள் செய்தி எழுதியவள் என்பதால், எங்கள் ஆட்களுக்கு வரும் அலுவலகக் கடிதங்களை வாசித்துச் சொல்வதும், அகதி விசாரணைக்குப் போகிறவர்களைத் தயார்ப்படுத்துவதும் என் தலையில் வந்து விழுந்திருந்தன.

பெறாமகள் ஆறு வயதில் இங்கே வந்தவள். அந்த வருடம் அவளுக்கு அபிடூர், அதாவது பள்ளியின் இறுதிப் பரீட்சை. எங்கள் மூவரிடமும் அகதிகளுக்குரிய நீலப் பயணப் புத்தகம் இருந்தது. அவளிடம் மட்டும் ஜேர்மன் கடவுச்சீட்டு. அவளுக்கு மருத்துவம் படிக்க வேண்டும். பன்னிரண்டு வயதிலிருந்து அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு கோடையில் மட்டும் குதிரை வைத்தியராகப் போவதாக இருந்தாள்.

புள்ளிகள் நல்ல புள்ளிகள்தான். மருத்துவத்துக்குக் காணாது. இந்த நாட்டில் மருத்துவத்துக்கு இடம் ஒன்றில் மிக உயர்ந்த புள்ளிகளால் கிடைக்கும், அல்லது வருடக்கணக்காகக் காத்திருந்தால் கிடைக்கும். மூன்றாவது வழி ஒன்று இருப்பதை அவளே கண்டுபிடித்தாள். புண்டஸ்வேர், ஜேர்மன் இராணுவம், தன் வருங்கால மருத்துவர்களுக்கென்று பல்கலைக்கழகங்களில் கொஞ்சம் இடங்களை ஒதுக்கி வைத்திருந்தது. தெரிவானால் முதலில் அதிகாரிப் பயிற்சி, பிறகு சாதாரண மாணவர்களோடு சேர்ந்து படிப்பு, படிக்கும் காலம் முழுக்க மாதச் சம்பளம். அந்நாளில் ஒரு பெண் இராணுவ அதிகாரியாவதற்கு மருத்துவப் பிரிவுதான் வாசல். பதிலுக்கு, படிப்புக் காலத்தையும் சேர்த்துப் பதினைந்து வருடங்களுக்கு மேல் அவர்களிடம் இருக்க வேண்டும். இடையில் விட்டுப் போனால் படிப்புச் செலவைத் திருப்பிக் கேட்பார்கள்.

அக்காவிடம் வேறொரு திட்டம் இருந்தது. பக்கத்து நகரமான போகுமில் உயிரியல். அதற்கு இந்தப் புள்ளிகள் போதும். வீட்டிலிருந்தே ரயிலில் போய் வரலாம். செலவுக்கு பாஃபோக் இருந்தது: வருமானம் குறைந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் படிப்புதவி. அதோடு எங்கள் பங்குத் தந்தை, பங்கிலிருந்து பல்கலைக்கழகம் போகும் பிள்ளைகளுக்குப் புத்தகம் வாங்கவென்று ஒரு சிறு தொகை கொடுத்துவந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து சாப்பிட இருந்தபோது, அத்தான் தீர்ப்புச் சொன்னார்.

"மூண்டையும் போட்டு விடுவம். ஆமிச் சம்பளம் ஒண்டு, பாஃபோக் ஒண்டு, ஃபாதரின்ர புத்தகக் காசு ஒண்டு. மூண்டும் வந்தால் மூண்டு. ஒண்டு வந்தால் ஒண்டு."

இது அத்தானின் வழக்கம். எங்கள் ஆட்கள் பலருக்கும் இருந்த வழக்கம். அகதியாக வந்த காலத்தில், எந்தக் கதவு திறக்கும் என்று தெரியாமல் எல்லாக் கதவையும் தட்டிப் பழகியவர்கள் நாங்கள். வீட்டுக்கு, வேலை அனுமதிக்கு, பிள்ளையின் நீச்சல் வகுப்புக்கு என்று அன்ராக் மேல் அன்ராக்காக, விண்ணப்பம் மேல் விண்ணப்பமாக, எழுதிப் போட்டவர்கள். ஒவ்வொன்றிலும் அத்தான் பிரதி எடுத்து வைப்பார். பிரதி இல்லாத கடிதம் அவரைப் பொறுத்தவரை எழுதப்படாத கடிதம்.

அக்கா கரண்டியைச் சட்டியில் வைத்தார்.

"இஞ்சருங்கோ, பயோலஜியும் படிப்புத்தானே?"

"படிப்புத்தான் அம்மா. ஆனால் அது வேற படிப்பு," என்றாள் பெறாமகள்.

"ஆமிக்காரரிட்டை இருந்து தப்பி வந்து, ஆமிக்காரியாப் போகப் போறியோ?"

"டொக்டராப் போகப் போறன்."

"அந்த உடுப்போடதானே?"

அக்கா எதை நினைத்துக்கொண்டு சொல்கிறார் என்று மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும். யாழ்ப்பாணத்தை விட்டு அவர்கள் கொழும்புக்குப் புறப்பட்ட அன்று வழியில் ஒரு சோதனைச் சாவடி. பிள்ளைக்கு அப்போது ஐந்து வயது. அக்காவின் பையில் ஒரு தகரப் பால்மாப் பேணி இருந்தது. உள்ளே என்ன ஒளித்திருக்கிறாய் என்று கேட்டு, ஒரு சிப்பாய் துப்பாக்கி முனைக் கத்தியால் பேணியைக் குத்திக் கிழித்து, மாவை வீதியில் கொட்டினான். அடிக்கவில்லை, வேறொன்றும் செய்யவில்லை. போகச் சொன்னான். அக்கா இந்தக் கதையை எப்போதும் அந்த இடத்திலேயே நிறுத்திவிடுவார். பெறாமகளுக்கு அது நினைவில்லை. அக்காவுக்கு இருந்தது.

பாஃபோக் அலுவலகத்தில் எங்களுக்கு ஒரு டெர்மீன், சந்திப்பு நேரம், கிடைத்தது. மூவர் போனோம். பெறாமகள் விண்ணப்பதாரி, அத்தான் தந்தை, நான் மொழிபெயர்ப்பாளர். பெறாமகளின் ஜேர்மன் என்னுடையதைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் நான் இல்லாமல் எங்கள் வீட்டில் யாரும் அலுவலகம் போனதில்லை. அத்தான் கல்யாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு, பிரதிகள் அடங்கிய கோப்பை மடியில் வைத்திருந்தார்.

அலுவலர் ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண். எல்லாவற்றையும் நிதானமாகப் புரட்டிப் பார்த்தார். புண்டஸ்வேர் என்ற சொல்லைக் கண்டதும் நிமிர்ந்தார். பிறகு சட்டத்தை விளக்கினார். பயிற்சிக் காலத்தில் அரசிடம் சம்பளம் வாங்குகிறவருக்கு இந்த உதவி கிடையாது. ஒன்று கிடைத்தால் மற்றது இல்லை. பாதியாகப் பிரித்து வாங்கவும் முடியாது. அத்தான் என் முழங்கையைத் தட்டினார்.

"என்னவாம்?"

"அரசாங்கம் ஒரு கையாலதான் குடுக்குமாம், அத்தான்."

"மற்றக் கை என்ன செய்யுதாம்?"

பெறாமகள் சிரிப்பை அடக்க ஜன்னல் பக்கம் திரும்பினாள். அலுவலர் என்னவென்று கேட்டார். அவள் மொழிபெயர்த்துச் சொன்னாள். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, மற்றக் கையால்தான் வரி வாங்குகிறோம் என்றார்.

இன்னொன்றையும் சொன்னார். பாஃபோக்கில் பாதிதான் இனாம், மற்றப் பாதி வட்டியில்லாத கடன், படித்து முடித்த பின் கட்ட வேண்டும். அத்தானுக்கு இது புதிய செய்தி. அவர் கோப்பை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். பங்குத் தந்தையின் புத்தகக் காசைப் பற்றி நான் கேட்டேன். அது தனியார் கொடுக்கும் சிறிய தொகை, குறிப்பிட்டு எழுதினால் போதும், எதனோடும் சேரும் என்றார். கடைசியில் ஓர் ஆலோசனை: விண்ணப்பத்தை இப்போதே கொடுங்கள், சேர்க்கைச் சான்றிதழைப் பிறகு தரலாம், இராணுவம் எடுத்துக்கொண்டால் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது.

டிராமில் வரும்போது அத்தான் மகளிடம் சொன்னார்: "கொலோனில சோதனைக்குக் கூப்பிட்டால் போ. எடுத்தால் கையெழுத்துப் போடு. உனக்குப் பத்தொன்பது வயது. ஒருத்தரையும் கேக்கத் தேவையில்லை."

"அது ஜேர்மன் சட்டம் அப்பா."

"அப்ப?"

"அம்மா ஓம் எண்டு சொல்லாட்டி நான் கையெழுத்துப் போடமாட்டன். பயோலஜிக்குப் போறன்."

அதைச் சாதாரணமாகத்தான் சொன்னாள். ஆனால் பிறகு இறங்கும் வரை கையிலிருந்த டிராம் சீட்டை மடித்து மடித்து, இனி மடிக்க ஏலாத அளவுக்குக் கொண்டுவந்தாள்.

அக்காவிடம் அவளே போய் இதைச் சொன்னாள். அக்கா ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. யாத்திரைத் தலமான கெவலாரின் மாதாவுக்கு ஒரு மெழுகுதிரி நேர்ந்தார். என்ன கேட்டு என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. சில நாள் கழித்துப் பெறாமகள் என்னிடம் தனியாக, தானும் ஒரு மெழுகுதிரி நேர்ந்திருப்பதாகச் சொன்னாள்.

"மாதா பாவம்," என்றேன்.

"அவ ரெண்டு கையாலயும் குடுப்பா, சின்னம்மா."

கொலோனில் அதிகாரி விண்ணப்பதாரர்களைச் சோதிக்கும் நிலையத்திலிருந்து அழைப்பு வந்தது. மூன்று நாள் தங்கிப் பரீட்சை, உடற்பரிசோதனை, கடைசியில் ஒரு நேர்முகம். நேர்முகம் என்ற சொல்லைப் பார்த்ததும் அத்தானும் நானும் ஒரே நேரத்தில் ஒரே விடயத்தை நினைத்தோம். விசாரணை. அதற்கு ஆட்களைத் தயார்ப்படுத்துவதில் எங்களுக்குத் தேர்ச்சி இருந்தது. நான் பலரைத் தயார்ப்படுத்தியிருந்தேன். அத்தான் தானே ஒருமுறை அரைநாள் இருந்து பதில் சொன்னவர். வேறு விதமான நேர்முகம் ஒன்று உலகத்தில் இருக்கலாம் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

சாப்பாட்டு மேசைதான் அலுவலகம். அத்தான் வாசிப்புக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவில் இருந்தார். நான் பக்கத்தில். பெறாமகள் எதிரே ஒரு முக்காலியில். முதலில் நான் விதிகளைச் சொன்னேன். கேட்டதற்கு மட்டும் பதில். திகதி தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்ல வேண்டும், ஊகிக்கக் கூடாது. ஒருதரம் சொன்னதை மாற்றக் கூடாது. எல்லாவற்றிலும் முக்கியமானது, காசைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. நல்ல வாழ்க்கை, வருமானம், வசதி என்று ஒரு சொல் வந்தாலும் இவர் பிழைக்க வந்தவர் என்று எழுதி மூடிவிடுவார்கள்.

"சின்னம்மா, சம்பளம் எவ்வளவு எண்டு அவங்களே புத்தகத்தில போட்டிருக்கிறாங்கள்."

"அவங்கள் போடலாம். நீ சொல்லக் கூடாது."

அத்தான் தொண்டையைச் செருமினார். குரலைத் தடிப்பாக்கிக்கொண்டார்.

"ஏன் இஞ்ச வந்தனீங்கள்?"

"இராணுவ டொக்டராக வர."

"அதை உங்கட சொந்த நாட்டில செய்ய ஏலாதோ?"

பெறாமகள் அவரைப் பார்த்தாள். "அப்பா, என்ர சொந்த நாட்டு ஆமிதான் என்னைக் கேள்வி கேக்குது."

அத்தான் கண்ணாடியைக் கழற்றினார். "அது சரி. என்ன செய்ய? எனக்குக் கேட்ட கேள்விதான் எனக்கு வாயில வருது."

"பரவாயில்லை, கேளுங்கோ."

"வரேக்க எந்தெந்த நாட்டைக் கடந்து வந்தனீங்கள்?"

"எஸன், டுயிஸ்பேர்க், டுசல்டோர்ஃப்." கொலோனுக்குப் போகும் ரயில் நிற்கும் ஊர்கள் அவை.

"ஆர் கூட்டிக்கொண்டு வந்தது? ஏஜென்சிக்கு எவ்வளவு குடுத்தனீங்கள்?"

"ரயில் டிக்கெட் அவங்களே அனுப்பினவங்கள். இஞ்ச பாருங்கோ, காசைப் பற்றி நீங்கள்தான் கேட்டனீங்கள். நான் சொல்லேல்லை."

நான் சிரித்துவிட்டேன். அத்தானும் சிரித்தார். அப்போது குசினிக்குள்ளிருந்து அக்காவின் குரல் வந்தது. அதுவரை அவர் அங்கே பாத்திரங்களைச் சத்தமாகக் கழுவிக்கொண்டிருந்தார்; இந்த ஒத்திகையில் தனக்குப் பங்கில்லை என்று காட்டும் சத்தம் அது.

"கண்ணைப் பார்த்துக் கதைக்கச் சொல்லுங்கோ. நான் நிலத்தைப் பார்த்தபடியாத்தான் என்னை ரெண்டாந்தரமும் கூப்பிட்டவங்கள்."

அதைச் சொல்லிவிட்டுக் குழாயை மறுபடி திறந்துவிட்டார். பெறாமகள் முக்காலியில் நிமிர்ந்து இருந்து, குசினிக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தாள். மகள் இந்தப் பரீட்சையில் தெரிவாகக் கூடாது என்று நேர்ந்திருந்த அக்காவால், மகள் எந்தப் பரீட்சையிலும் தவறுவதைத் தாங்க முடியாது. இரண்டும் உண்மை. செய்தியாக எழுதுவதென்றால் எதைத் தலைப்பில் போடுவது என்று எனக்குத் தெரிந்திராது.

மூன்றாம் நாள் பின்னேரம் அவள் திரும்பி வந்தாள். அக்கா இடியப்பமும் சொதியும் செய்து வைத்திருந்தார். ஆனால் சாப்பிட விடவில்லை. கேள்விகள் முதலில் வந்தன.

"சத்தம் போட்டவங்களோ?"

"ஆர் அம்மா?"

"ஆமிக்காரர்."

"இல்லை. கோப்பி தந்தவங்கள்."

முதல் நாள் கணினியில் பரீட்சை, பிறகு ஓட்டம், பிறகு எல்லோரையும் வட்டமாக இருத்தி ஒரு விடயத்தைப் பற்றி வாதாட விட்டார்கள். கடைசி நாள் நேர்முகம். எதிரே மூவர்: வயதான அதிகாரி ஒருவர், உளவியலாளர் ஒருவர், பெண் மருத்துவ அதிகாரி ஒருவர். அந்தப் பெண்ணும் சீருடையில்தான் இருந்தார்.

"அப்பா, இனிச் சொல்லுறதுக்கு நீங்கள் கோவிக்கக் கூடாது."

"சொல்லு பிள்ளை."

ஏன் இராணுவத்தில் மருத்துவம் என்று கேட்டார்கள். நாங்கள் சொல்லிக் கொடுத்தபடி பதில் சொன்னாள். வேறு எங்கே விண்ணப்பித்திருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். போகும், பாஃபோக், பங்குத் தந்தையின் உதவி, எல்லாவற்றையும் சொன்னாள். இவை ஒன்றோடொன்று சேராது என்பது தெரியுமா? தெரியும். அப்படியானால் எங்கள் சம்பளம் உங்களுக்கு முக்கியமா? இல்லை, காசுக்கும் இதற்கும் ஒரு தொடர்பும் இல்லை.

"அப்ப அந்த வயசான ஆள் பேனையைக் கீழ வைச்சிட்டு என்னையே பார்த்தவர். எனக்குத் தெரிஞ்சுது, பிழைச்சுப் போச்சு எண்டு. மற்றவர், அந்த உளவியல் ஆள், கேட்டார், இந்தப் பதிலை உங்களுக்கு ஆர் சொல்லித் தந்தது எண்டு."

"என்ன சொன்னனி?" அத்தானின் கை மேசை விளிம்பைப் பிடித்திருந்தது.

"உண்மையைச் சொன்னனான். எங்கட வீட்டில, காசைப் பற்றிக் கதைச்சால் திருப்பி அனுப்பிப் போடுவாங்கள் எண்டு நினைக்கிறவை எண்டு. அவங்களுக்கு விளங்கேல்லை. பிறகு விசாரணையைப் பற்றிச் சொன்னன். அப்பா ஒத்திகை பார்த்ததையும் சொன்னன். எஸன், டுயிஸ்பேர்க் எல்லாம்."

"ஐயோ."

"அந்த வயசான ஆள் சிரிச்சுக் கண்ணைத் துடைச்சவர், அப்பா. பிறகு நான் சொன்னன், ஓம், சம்பளம் எனக்கு முக்கியம்தான். என்ர அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலை செய்தும் காணாது. அந்த இடமும் எனக்கு வேணும். வேற வழியில எனக்கு மருத்துவம் கிடைக்காது எண்டு."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் சொதியைப் பார்த்தேன்.

"அந்த டொக்டர் அம்மா சிரிக்கேல்லை," என்றாள் பெறாமகள். இப்போது அவள் அக்காவின் பக்கம் திரும்பியிருந்தாள். "அவ கேட்டவ, உங்கட அம்மா என்ன சொல்லுறா எண்டு. நான் ஃப்ரிட்ஜில படத்தைத் திருப்பினதைச் சொன்னன். ஏன் எண்டு கேட்டவ. பால்மாப் பேணியைச் சொன்னன்."

அக்கா சுவரோடு சாய்ந்து நின்றார். "அதைச் சொன்னனியோ? அவங்களுக்கோ?"

"ஓம்."

"என்ன செய்தவங்கள்?"

"எழுதேல்லை. கேட்டுக்கொண்டிருந்தவங்கள். பிறகு அந்த டொக்டர் அம்மா ஒரு கேள்வி கேட்டவ. எனக்குப் பதில் தெரியாது. தெரியாட்டித் தெரியாது எண்டு சொல்லச் சொன்னது சின்னம்மாதானே, அப்பிடியே சொன்னன்."

"என்ன கேள்வி?"

"பேணியை உங்கட அம்மா பிறகு என்ன செய்தவ எண்டு."

மேசையில் சொதி ஆறிக்கொண்டிருந்தது. கீழே டிராம் போன அதிர்வில் கண்ணாடிகள் மெல்லக் கிணுகிணுத்தன. சனங்களிடம் கேள்வி கேட்டுப் பிழைத்தவள் நான். அந்தக் கதையை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறேன். அது கேட்க வேண்டிய கேள்வி என்று எனக்குத் தோன்றியதில்லை. அக்காவின் அகதி விசாரணையிலும் ஒருவரும் அதைக் கேட்கவில்லை.

அக்கா ஏப்பிரனால் கையைத் துடைத்தார். ஈரமில்லாத கை.

"கொண்டு வந்தனான்," என்றார். "அவன் போ எண்டவுடன குனிஞ்சு எடுத்தனான். அடியில கொஞ்சம் மா இருந்தது. வெட்டின இடத்தைச் சீலைத் தலைப்பால பொத்திப் பிடிச்சுக்கொண்டு வந்தனான். வவுனியாவில ஒரு தேத்தண்ணிக் கடையில சுடுதண்ணி கேட்டுக் கரைச்சுத் தந்தனான்." பிறகு மகளைப் பார்த்து, ஏதோ அவள் மறுத்துப் பேசியதுபோல, "நீ குடிச்சனி," என்றார்.

"குடிச்சனானோ?"

"முழுக்கக் குடிச்சிட்டு இன்னும் கேட்டனி."

அதற்குப் பிறகுதான் சாப்பிட்டோம். படுக்கப் போகும்போது அக்கா, அந்த டொக்டர் அம்மா எந்த ஊர் என்று கேட்டார். பெறாமகளுக்குத் தெரிந்திருக்கவில்லை. குளிர்சாதனப் பெட்டியின் கதவில் படம் திரும்பியபடியே இருந்தது.

அபிடூர் முடிந்த சில நாட்களில் இராணுவத்திடமிருந்து கடிதம் வந்தது. எடுத்துக்கொண்டார்கள். படிப்பிடமும் உண்டு. ஒப்புக்கொள்கிறேன் என்று கையெழுத்திட்டு ஒரு குறிப்பிட்ட நாளுக்குள் அனுப்ப வேண்டும். பெறாமகள் கையெழுத்திட்டாள், ஆனால் அனுப்பவில்லை. உறையில் போட்டு, முத்திரை ஒட்டி, வாசலில் சப்பாத்து அலுமாரியின் மேல் வைத்தாள்.

"இதோட பாஃபோக்குக்கும் ஒரு கடிதம் போகோணும்," என்றாள். "ரெண்டும் ஒண்டாத்தான் போகும். அம்மா வேண்டாம் எண்டால் ரெண்டும் போகாது."

பாஃபோக் கடிதத்தை எழுத நாங்கள் மறுபடி சாப்பாட்டு மேசையில் கூடினோம். அவள் இரண்டு வரியில் எழுதினாள்: விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுகிறேன், காரணம் இது. அத்தான் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். அவருடைய முகம் கோணியது.

"வேண்டாம் எண்டு எழுதுறதோ?"

"ஓம் அப்பா."

"அரசாங்கத்துக்கோ?"

எங்கள் வீட்டிலிருந்து எத்தனையோ கடிதங்கள் அலுவலகங்களுக்குப் போயிருந்தன. எல்லாம் கேட்டு எழுதியவை. எங்களுக்கு இது தேவையில்லை என்று ஒரு கடிதமும் போனதில்லை. அதை எப்படி எழுதுவது என்று எங்கள் மூவருக்கும் தெரிந்திருக்கவில்லை. இரண்டு வரி மரியாதையில்லை என்றார் அத்தான். நன்றி சொல்ல வேண்டும் என்றார். எதற்கு நன்றி, அவர்கள் இன்னும் ஒன்றும் தரவில்லையே என்றாள் மகள். தர இருந்ததற்கு என்றார் அவர். அதோடு, பிற்காலத்தில் தேவைப்பட்டால் வருவோம் என்றும் ஒரு வரி சேர்க்கச் சொன்னார். அந்த வரியை அவள் மறுத்துவிட்டாள். நன்றியைச் சேர்த்தாள். பிறகு, மற்றக் கையைக் கேட்டுச் சிரித்த அந்த அலுவலருக்கு வணக்கமும் சேர்த்தாள்.

"ஃபாதரின்ர காசை விடாதை," என்றார் அத்தான் உறையை ஒட்டிக்கொண்டே. "அது அரசாங்கத்தின்ர கை இல்லை."

அதை அவள் விடவில்லை. பிற்பாடு அந்தக் காசில்தான் உடற்கூற்றுப் படப்புத்தகம் ஒன்று வாங்கினாள். தூக்க இரண்டு கை வேண்டும்.

இரண்டு உறைகளும் சப்பாத்து அலுமாரியின் மேல் கிடந்தன. கடைக்குப் போகும்போதும் வேலைக்குப் போகும்போதும் எல்லோரும் அவற்றைத் தாண்டித்தான் போனோம். பெறாமகள் அந்தப் பக்கம் பார்க்காமல் சப்பாத்துப் போடப் பழகிக்கொண்டாள். அத்தான் என்னிடம், மச்சாள், நீர் ஒருக்கா அக்காவோட கதையுமன் என்றார். நான் கதைக்கவில்லை. அக்காவிடம் கதைத்து முடிவை மாற்றியவர்கள் எங்கள் குடும்பத்தில் இல்லை. அவர் தானாக மாறும்போது பக்கத்தில் இருந்தவர்கள்தான் உண்டு.

கெடு முடிய இன்னும் சில நாட்கள் இருந்த ஒரு காலை. எனக்கு அன்று பின்னேர வேலை. ஜன்னலோரம் தேநீரோடு இருந்தேன். அக்கா வேலைக்குப் புறப்பட்டார். வாசலில் சப்பாத்துப் போடும் சத்தம் கேட்டது. பிறகு ஒன்றும் கேட்கவில்லை. கொஞ்சம் பொறுத்துக் கதவு திறந்தது.

"நான் போட்டுவிடுறன்," என்றார், கதவைப் பிடித்தபடி, என்னைப் பார்க்காமல். "தபால் பெட்டி என்ர வழியிலதானே."

அக்காவின் வழி இடது பக்கம், டிராம் தரிப்பிடத்துக்கு. மஞ்சள் தபால் பெட்டி வலது பக்கம், தெருமுனையில் மருந்துக் கடைக்கு முன்னால். ஜன்னலிலிருந்து பார்த்தேன். அவர் வலப்பக்கம் திரும்பி நடந்தார். கைப்பை தோளில், உறைகள் இரண்டும் நெஞ்சோடு. பெட்டியின் முன்னால் நின்று முதலில் ஒன்றைப் போட்டார். பிறகு மற்றதை. பிறகு மூடியைத் தூக்கி, விழுந்துவிட்டதா என்று உள்ளே பார்த்தார். சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். அதற்குள் டிராம் வரும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். திரும்பி, ஒரு கையால் கைப்பையைப் பிடித்துக்கொண்டு, எங்கள் வீட்டு வாசலைத் தாண்டி ஓடினார். பிடித்துவிட்டார்.

பெறாமகள் எழும்பி வந்து, நேரே வாசலுக்குப் போனாள். சப்பாத்து அலுமாரியின் மேல் ஒன்றும் இல்லை. என்னிடம் வந்து நின்றாள். நான் தலையாட்டினேன். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்து என் மடியில் முகத்தை வைத்துக்கொண்டாள். தலைமயிரில் இன்னும் தூக்கத்தின் சூடு.

அத்தான்தான் கடைசியாக எழும்பியவர். உணவகத்து வேலை அப்படி. வாசலைப் பார்த்துவிட்டு, கண்ணைக் கசக்கிக்கொண்டு அறைக்குள் வந்தார்.

"கடிதம் ரெண்டும் எங்கை?"

"அம்மா போட்டிட்டா, அப்பா."

நான் அத்தானின் முகத்தில் என்னென்னவோ வரும் என்று எதிர்பார்த்தேன்.

"கொப்பி எடுத்ததோ?"

ஒருவரும் பிரதி எடுத்திருக்கவில்லை. பெறாமகள் தரையிலிருந்தபடியே இல்லை என்று தலையை அசைத்தாள். அத்தான் மறுபடி வாசல் பக்கம் திரும்பி, வெறுமையாகக் கிடந்த அலுமாரித் தட்டைப் பார்த்தார்.

"சரி, போகட்டும்," என்றார். பிறகு தேநீருக்குத் தண்ணீர் வைக்கப் போனார்.